பழகாத நூலைப் பயிலுதல் கடமையோ?



தனக்கு உவப்பான நூல்களையே எடுத்து, தான் முன்னரே உடன்பட்ட கருத்துகளையே திரும்பத் திரும்பப் படித்து ஒருவன் வாழ்நாளைக் கழிப்பானாயின், அவன் குற்றம் ஏதேனும் செய்தவன் ஆவானோ? அவன் பிறர் பொருளைக் கவரவில்லை, பொய் கூறவில்லை, ஓர் உயிருக்கும் ஊறு செய்யவில்லை. தன் வீட்டு விளக்கடியில் அமர்ந்து தனக்கு இனியதைப் படிக்கிறான். இதில் நன்று தீது என்னும் பேச்சுக்கு இடம் ஏது? இரண்டு ஆண்டுகளுக்கு முன் எவரேனும் என்னிடம் இதை வினவியிருந்தால், இது வினாவே அன்று என்று நகைத்திருப்பேன். இன்று அவ்வாறு நகைக்க என்னால் இயலவில்லை. அதன் காரணத்தைக் கூறவே இதனை எழுதுகிறேன்.

நான் கல்லூரி கண்டவன் அல்லேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பதினெட்டாம் வயதில் பெங்களூரில் ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். சுழலும் கதிர்களுக்கு இடையே நடந்து நடந்து, அறுந்த இழையை ஒட்டுவதே என் தொழில். எழுத்துக்கூட்டப் பழகியது தேநீர்க் கடையில் கிடந்த நாளிதழில். பொருள் உணர்ந்து படிக்கப் பழகியது சங்கத்தின் மாலைக் கூட்டங்களில். ஆலையின் கதவு ஒருநாள் அடைபட்டது. அதன்பின் கூலி வேலையும் பேச்சுப் பணியுமாகக் காலம் சென்றது. கூட்டங்களில் பேசுபவன் படிக்கத்தானே வேண்டும்? ஆதலின் ஒரு தமிழ் நூலகத்தில் உறுப்பினனானேன், வாரந்தோறும் சென்றேன், வாரந்தோறும் நூல் எடுத்தேன். நான் பெரிய படிப்பாளி என்று பிறர் கூறினர். நானும் அதனை மறுக்கவில்லை.

ஈராண்டின் முன் அந்நூலகத்தார் தங்கள் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினர். அப்பணியைச் செய்த இளம்பெண் என் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் புன்னகையோடு சொன்னாள்: "ஐயா, பதினோரு ஆண்டில் 163 நூல்கள் எடுத்திருக்கிறீர்கள். அவற்றில் 151 ஒரே அலமாரி. நீங்கள் வந்தால் நான் எழுந்து தேட வேண்டிய வேலையே இல்லை." அவள் பாராட்டாகவே கூறினாள். நானும் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டு வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தம் வரை அப்பெருமிதம் இருந்தது. பேருந்தில் ஏறி அமர்ந்தபின் அது இல்லை.

ஏன் இல்லை என்பதைப் பஞ்சாலையில் வேலை செய்தவர் எளிதில் அறிவர். நூற்பின் முதற்படி பஞ்சைக் கலப்பது. ஒரே பொதியை உடைத்து ஒரேயடியாக நூற்பதில்லை. பொதிக்குப் பொதி பஞ்சின் இழைநீளம் வேறு, மென்மை வேறு, முதிர்ச்சி வேறு. ஆகவே பல பொதிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்தே இயந்திரத்தில் இடுவர். ஒரு பொதியை மட்டும் நம்பினால், அப்பொதியின் குறை முழுவதும் நூலில் ஏறும். அது தீர்ந்து அடுத்த பொதிக்கு மாறும்போது நூலின் தன்மையே மாறும். பதினோரு ஆண்டுகள் ஒரே பொதியை நூற்றவன் நான். அப்பொதி உயர்ந்த பொதியே, அதில் ஐயமில்லை. எனினும் அதன் குறை எதுவென்று நான் எவ்வாறு அறிவேன்? ஒப்பிட வேறு பஞ்சு என் கையில் இருந்ததே இல்லை.

அன்றிரவே ஒரு நியமம் வகுத்துக்கொண்டேன். அந்நூலகம் நூல்களை மெல்வில் டூயி என்னும் அமெரிக்க நூலகர் 1876இல் வகுத்த பதின்ம முறையில் அடுக்கி வைத்திருக்கிறது. பொதுநூல், தத்துவம், சமயம், சமூக இயல், மொழி, அறிவியல், தொழில்நுட்பம், கலை, இலக்கியம், வரலாறும் நிலவியலும் எனப் பத்துப் பெரும்பிரிவுகள். (சமயத்திற்கென்று அவர் ஒதுக்கிய நூறு எண்களில் பெரும்பகுதி கிறித்துவத்துக்கே சென்றுவிட்டது. பௌத்தம் 294 என்னும் எண்ணுக்குள், ஒரு புள்ளிக்கு அப்பால், மூன்றாவதாக ஒடுங்கிக் கிடக்கிறது. என் பதினோரு ஆண்டுகளும் அப்புள்ளிக்கு அப்பாலேயே கழிந்தன.) ஓராண்டுக்குள் பத்துப் பிரிவிலிருந்தும் பிரிவுக்கு ஒரு நூலேனும் படிப்பது, சமயப் பிரிவிலும் பௌத்தம் அல்லாததையே எடுப்பது, மறுப்பதற்காகப் படிப்பதில்லை, அறிவதற்காகவே படிப்பது, ஐம்பது பக்கங்களுக்கு முன் எந்நூலையும் கைவிடுவதில்லை. இவையே என் விதிகள். பத்து நூல் ஓராண்டுக்கு மிகுதியன்று. ஆயினும் அந்தப் பத்தும் எனக்கு முந்தைய 151ஐ விடப் பளுவாய் இருந்தன.

இவ்வாறு பழகாத நூலிடம் செல்வது என் கற்பனையில் உதித்த புதுமையன்று. நம்மில் பலர் மணிமேகலையைப் போற்றுகிறோம். அந்நூல் நம் கைக்கு வந்த வரலாற்றை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்; அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், உலா என அக்காலத்தார் படித்த வகைகளையெல்லாம் ஐயந்திரிபறக் கற்றவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் படித்த நூல்களை வரிசையாக அடுக்கினார். முதலியார் அதனால் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அவற்றைக் கண்டதும் இல்லை.

சினந்து திரும்பியிருக்கலாம். தம் ஆசிரியர் பெயரைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொண்டிருக்கலாம். அவர் சிந்தாமணியைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு சென்றார்; படித்தார்; விளங்கவில்லை. விளங்காமைக்குக் காரணம் தமிழ் அறியாமை அன்று. சமண சமயத்தின் சொல்லும் பொருளும் அறியாமை. ஆகவே சைவ மடத்தில் பயின்ற அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் மாணவராக அமர்ந்து கேட்டறிந்தார். சிந்தாமணி 1887இல் அச்சாயிற்று. மணிமேகலையின்போது இடர் இன்னும் பெரிது. சமணரையாவது அடுத்த தெருவில் காணலாம். பௌத்தத்தைக் கேட்டறியத் தமிழகத்தில் அன்று பௌத்தர் எங்கே? தம்மோடு கல்லூரியில் பணியாற்றிய இரங்காசாரியார் ஆங்கில நூல்களில் பௌத்தம் கற்றிருந்தார். அவர் உதவியால் கருத்துகளைத் தெளிந்துகொண்டு, குறிப்புரையோடு 1898இல் ஐயர் அந்நூலைப் பதிப்பித்தார். அதே 1898இல்தான் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார் என்பதை இங்கு நினைக்கும்போது எனக்கு ஒருவித வியப்பு உண்டாகிறது. ஒருவர் தம் அலமாரியை விட்டு வெளியே வந்து நம் நூலைத் தேடினார். மற்றொருவர் தம் மக்களுக்கு அந்நூலின் அறத்தைத் தேடினார்.

மணிமேகலை என்னும் அப்பெண்ணும் இதையே செய்தவள் அன்றோ? வஞ்சி மாநகரில் அவள் தன் உருவை மறைத்துக்கொண்டு, பத்துச் சமயவாதிகளிடம் ஒருவர்பின் ஒருவராகச் சென்று, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டாள். அதன்பின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டாள். அந்த இருபத்தேழாம் காதையை வறண்ட காதை என்று நம் அன்பர்கள் தாண்டிச் செல்வதை நான் அறிவேன். நானும் தாண்டியவனே. அவள் ஒருவர் கூற்றைக் கேட்டு நகைத்தாள் என்பதும் உண்மை. கேட்டுவிட்டு நகைப்பது வேறு. கேளாமல் நகைப்பது வேறு.

என் ஓராண்டு எவ்வாறு சென்றது என்பதை உள்ளபடி கூறுகிறேன். பொதுநூல் பிரிவில், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் ஒரு தொகுதியை எடுத்துக் கண்ட இடத்தில் படித்தேன். ஒன்றைத் தேடிச் சென்றால் அகரவரிசையில் அதன் அண்டைவீட்டுக்காரன் என்னைப் பிடித்துக்கொண்டான். பயண நூல் ஒன்று ஏ. கே. செட்டியாருடையது; விரைவில் முடிந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது. அறிவியலில் ஒரு சூழ்ச்சி செய்தேன். எண்ணிக்கையை நிரப்புவதற்காகச் சிறுவருக்கென்று எழுதிய ஒரு மெல்லிய தேனீ நூலை எடுத்து, ஒரே மாலையில் முடித்து, குறிப்பேட்டில் அறிவியல் முடிந்தது என்று எழுதிவிட்டேன். தேன் இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ தன் கூட்டத்தார்க்கு ஆடிக் காட்டி உணர்த்துகிறது என்பதும், அதனைக் கண்டறிந்து விளக்கிய கார்ல் வான் பிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார் என்பதும் எனக்கு அந்தச் சிறுவர் நூலிலிருந்தே தெரிந்தன. ஆயினும் மனம் உறுத்தியது. எண்ணிக்கை வைத்துக்கொள்பவனுக்கு எண்ணிக்கையே பொருளாகிவிடும் இடர் உண்டு. உண்டியலில் செல்லாக் காசு போட்டவன் போலானேன். கழுவாயாகக் கணித நூல் ஒன்றை எடுத்தேன். அதில் நாற்பதாம் பக்கத்தில் இன்றும் நிற்கிறேன்.

இனிக் கதை அலமாரி. இதில் சற்று நிற்க வேண்டும். நாவல்களைப் பற்றி நான் பலகாலம் மேடையில் பேசியது இதுதான்: நாவல் என்பது நடவாததை நடந்ததாகக் கூறுவது, அஃது பொய், பொய் தவிர்த்தல் நான்காம் சீலம், ஆகவே நாவல் படிப்போர் பொய்க்கு விலை கொடுப்போர். இவ்வாதம் எனக்கே மிக அழகாகத் தோன்றியது. கைதட்டலும் கிடைத்தது. ஜாதகக் கதைகளை அடுத்த அரைமணி நேரத்தில் நானே கூறினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நியமத்தின்படி நான் எடுத்த நாவல் இமையம் எழுதி 1994இல் வெளிவந்த 'கோவேறு கழுதைகள்'. தலைப்பைக் கண்டு விலங்கு பற்றியது என்று எண்ணி எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. அது ஆரோக்கியம் என்னும் வண்ணாரப் பெண்ணின் கதை. ஊராருக்கு வெளுப்பவள் அல்லள், சேரிக்கு வெளுப்பவள். நம்மவர்க்கு வெளுத்து, நம்மவர் வாசலில் சோறும் தானியமும் வாங்கி உண்ணும் குடும்பம் அது. இந்நூல் வெளிவந்த காலத்தில் நம்மைத் தாழ்த்துவதாக நம்மவருள் சிலர் இதனைக் கடிந்தனர். நான் அப்போது ஆலையில் இருந்தேன். படிக்காமலே கடிந்தவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

இப்போது படித்தபோது, வேலூர்ப் பக்கத்தில் என் தாயின் ஊர் கண்முன் வந்து நின்றது. பள்ளி விடுமுறைக்கு அங்கே செல்வேன். இருட்டியதும் ஒரு கிழவி ஒவ்வொரு வாசலிலும் வந்து நிற்பாள். வீட்டுக்கு ஒரு பிடியாக அவள் சட்டியில் சோறு விழும். ஒரு வீட்டுக் குழம்பும் மறு வீட்டுக் குழம்பும் ஒன்றாய்க் கலக்கும். பிள்ளைப்பேற்றுத் துணி, சாவுத் துணி எல்லாம் வெளுப்பவள் அவளே. எட்டு வயதுச் சிறுவர்களாகிய நாங்கள் அவளை 'ஏய்' என்போம். அவள் எங்களைச் 'சாமி' என்பாள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எனக்கு அந்நாளில் தோன்றவில்லை. ஊராரின் தேநீர்க் கடையில் எங்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்ததைப் பற்றி நான் நூறு கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அக்கிழவியின் சட்டியைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. நான் படித்த 151 நூல்களில் எதுவும் அவளை எனக்கு நினைவூட்டவில்லை. அந்நூல்களின் குற்றம் அன்று அது. அவற்றில் நான் எப்போதும் தீங்கு இழைக்கப்பட்டவனாகவே என்னைக் கண்டேன். அது உண்மையும் ஆகும். ஆனால் அது முழு உண்மை ஆகாது என்பதை, நான் பொய் என்று இகழ்ந்த நாவல் எனக்குக் காட்டிற்று.

இவ்விடத்தில் இரண்டு தடைகள் எழுப்பப்படும் என்பதை அறிவேன். நண்பர்கள் நேரிலேயே எழுப்பினர். முதல் தடை காலம் பற்றியது. உழைத்துக் களைத்து வருபவனுக்குப் படிக்கக் கிடைப்பது வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம். அதில் தனக்கு வேண்டியதைப் படிப்பானா, வேண்டாததைப் படிப்பானா? பத்து இடத்தில் பத்து முழம் தோண்டுபவனுக்குத் தண்ணீர் கிடைக்குமா? இதனை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஐம்பத்தைந்தைக் கடந்தவன் இனிப் படிக்கப் போகும் நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நுனிப்புல் மேய்பவரையும் கண்டிருக்கிறேன். எல்லா நூலின் பெயரும் தெரியும், எதன் உள்ளும் தெரியாது. எனினும் என் கிணற்றில் தண்ணீர் வந்து பல்லாண்டு ஆயிற்று. அதன்பின் நான் தோண்டியது தண்ணீருக்காக அன்று, தோண்டுதல் பழகிவிட்ட காரணத்தால். பன்னிரண்டு நூலில் ஒன்றிரண்டைப் பழகாத இடத்தில் எடுப்பவன் தன் கிணற்றை இழந்துவிட மாட்டான். இக்காலத்தில் கைப்பேசியும் நேற்று எதைப் பார்த்தோமோ அதனையே இன்றும் கொண்டுவந்து காட்டுகிறது. விரும்பியதை நாடிச் செல்லும் உழைப்பு கூட நமக்கு மிச்சம். விரும்பாததற்குத்தான் நாமே நடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் தடை கூர்மையானது. நம்மை இழிவுபடுத்தும் நூல்களையும் நாம் படிக்க வேண்டுமோ என்று ஒரு சகோதரி கேட்டார். 1927 டிசம்பர் 25இல் மகாடில் மனுஸ்மிருதியை எரித்த அண்ணல் அம்பேத்கர் அதனைப் படியாமல் எரித்தவர் அல்லர். வரிக்கு வரி அறிந்தவர். 1913 முதல் 1916 வரை கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பொருளியல், வரலாறு, சமூகவியல், மானிடவியல், தத்துவம் என்று துறை துறையாகப் பாடம் கேட்டார். 1923இல் அவர் வெளியிட்ட நூல் ரூபாய் நாணயத்தின் சிக்கலைப் பற்றியது. (அந்நூலைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர் நம் சங்கத்தில் எவரேனும் இருப்பின் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். நான் மும்முறை முயன்று தோற்றவன்.) அவர் நூல்களை மட்டும் படிப்பவர் அவரைப் போலப் படிப்பவர் ஆகார். இவ்வளவும் உண்மையாயினும், அச்சகோதரிக்கு நான் கூறிய விடை, வேண்டாம் என்பதே. புண்பட்டவர் தம்மைப் புண்படுத்திய கத்தியை ஆராய வேண்டும் என்று விதி செய்வதற்கு எனக்கு உரிமையில்லை. அதற்குரிய வலிமை உடையோர் செய்க. நான் சொல்வது பகைநூலைப் பற்றி அன்று. நம்மோடு பகையே இல்லாமல், நாம் ஒருநாளும் திரும்பிப் பாராததால் மட்டும் அயலாய்க் கிடக்கும் நூலைப் பற்றி.

அத்தகைய நூல் ஒன்றினால் எனக்கு நேர்ந்ததைக் கூறி முடிக்கிறேன். உண்மையில் இதைக் கூறுவதற்காகவே எழுதத் தொடங்கினேன். கூறத் துணிவின்றி இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

தொழில்நுட்பப் பிரிவை நான் கடைசியாக வைத்திருந்தேன். நூற்பாலையில் இருந்தவனுக்கு அதில் என்ன புதுமை என்னும் அலட்சியமே காரணம். மருத்துவமும் அப்பிரிவில் அடங்கும் என்பது அங்கு சென்றபின்னரே தெரிந்தது. தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றிய பழைய நூல் ஒன்று கிடைத்தது. அதில் பஞ்சுத்தூசு பற்றிய பகுதியைப் புரட்டினேன். பஞ்சுத்தூசை நெடுங்காலம் உட்கொள்பவர்க்குப் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் உண்டாகும். அதன் அடையாளம் தனித்தன்மை உடையது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மார்பு இறுகும், மூச்சு வாங்கும், இருமல் வரும். அடுத்தடுத்த நாள்களில் அது தணியும். மறுவாரம் மீண்டும் திங்கட்கிழமை. ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். பஞ்சை உடைக்கும் பகுதியிலும் கார்டிங் பகுதியிலும் இருப்போர்க்கே இது மிகுதி. சணல், ஆளி நார்களைச் சிக்கெடுப்போர் தூசினால் மூச்சிடர்ப்படுவதை இத்தாலிய மருத்துவர் இராமசினி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டுச் சட்டத்திலும் இது இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

இதனைப் படித்தபோது என் கை நடுங்கியது. எங்கள் ஆலையில் கார்டிங் பகுதியில் ஒருவர் இருந்தார். என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்றே அழைப்பேன். சங்கத்துக்கும் தவறாமல் வருவார். ஒவ்வொரு திங்கட்கிழமை மாலையும் கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்து இருமுவார், முகம் வெளிறியிருக்கும், கண் சிவந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை குடித்ததன் விளைவு அது என்று ஆலையில் பேசிக்கொண்டனர், நானும் நம்பினேன். ஐந்தாம் சீலத்தைப் பற்றி நான் பேசிய ஒரு திங்கட்கிழமையில், ஞாயிறன்று கள்ளும் திங்களன்று சீலமும் ஒரே வயிற்றில் தங்குமா என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தனர். மறுவாரம் அவர் வரவில்லை. அதன்பின் எப்போதும் வரவில்லை. அவர் மனைவி ஒருநாள் தெருவில் என்னை நிறுத்தி, "அவர் குடிப்பதில்லை, தம்பி" என்றார். கணவனைக் காக்கும் மனைவியின் பேச்சு என்று எண்ணி, ஆறுதலாக ஏதோ கூறிவிட்டு அகன்றேன். ஆலை மூடிய சில ஆண்டுகளில் அவர் மூச்சுத் திணறியே இறந்தார்.

நான் அறியாமல் செய்தேன். அறியாமல் செய்தது குற்றமாகுமோ என்று என் மனம் எனக்காக வாதாடிற்று. அந்த வாதத்தை நான் பலநாள் கேட்டிருந்தேன். ஆனால் அந்நூல் எங்கோ கடல் கடந்த நாட்டில் இருக்கவில்லை. பதினோரு ஆண்டுகளும் நான் அமர்ந்து படித்த நாற்காலியிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. அவர் உயிரோடிருந்தபோதே அங்கே இருந்தது என்பதை அதன் முதற்பக்கத்து முத்திரை காட்டுகிறது. அறியாமை என் மீது வந்து விழவில்லை. ஒவ்வொரு வாரமும் அந்த அலமாரியைக் கடந்து சென்று நானே அதைத் தேர்ந்தேன். மனம் எவ்வாறு மாசுறுகிறது என்பதைப் பற்றி நான் படித்த நூல்கள் எத்தனையோ; மார்பு எவ்வாறு தூசுறுகிறது என்று ஒரு பக்கமும் படித்ததில்லை. ஆகவே இருமுகின்ற ஒரு மார்பைக் கண்டபோது மாசுற்ற ஒரு மனத்தையே கண்டேன்.

நூலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் மனைவி இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். கண்பார்வை குறைந்துவிட்டது. அப்பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினேன். திங்கட்கிழமை என்ற சொல் வந்தபோது தலையை ஆட்டினார். படித்து முடித்து, "அண்ணி, நான் அண்ணனைப் பற்றித் தவறாகப் பேசிவிட்டேன்" என்றேன். வேறு சொல் வரவில்லை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "குடிக்கவில்லை என்று அன்றைக்கே சொன்னேனே, தம்பி. அப்போது உங்களுக்கு அச்சில் வேண்டியிருந்தது" என்றார். கோபமாகக் கூறவில்லை.

சற்றுப் பொறுத்து, அந்நூலை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அவருடைய மகள்வயிற்றுப் பேரன் கோவைப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறானாம், பொங்கலுக்கு வருவானாம். மூக்குக்குத் துணி கட்டிக்கொள் என்றால் கிழவியின் பேச்சைக் கேட்கமாட்டான், நீங்கள் வந்து இதைப் படித்துக் காட்டுங்கள் என்றார். நூலைத் திருப்ப வேண்டிய நாள் பொங்கலுக்கு முன்னரே வருகிறது. தவணையை நீட்டித் தருமாறு நூலகத்துப் பெண்ணிடம் கேட்டிருக்கிறேன். இந்த நூலை வேறு எவரும் கேட்பதில்லை, வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று கூறியிருக்கிறாள்.